பூஜைப் பலகையில் இருந்த மஞ்சள்

செல்லியம்மாளுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பார்த்தாலே பயம். ஊரில் அம்மா விறகடுப்பில் சமைத்தாள். விறகு நனைந்தால் புகையும், காய்ந்தால் எரியும். அவ்வளவுதான் அதன் குணம். இந்தப் பித்தளை ஸ்டவ்வோ காற்றடிக்க அடிக்கச் சீறியது. கொஞ்சம் கூடுதலாக அடித்தால் வெடித்துவிடும் என்று பயிற்சிப் பள்ளியில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருத்தியின் சித்தி, இன்னொருத்தியின் பக்கத்து வீட்டுப் புது மருமகள் என்று கதையில் கட்டாயம் யாராவது எரிந்துபோயிருப்பார்கள். அதனால் செல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையை மட்டும் நீட்டிக்கொண்டு தீக்குச்சியைக் கொண்டுபோவாள்.

"அடுப்பு பத்த வெக்கிறியா, யானைவெடி கொளுத்துறியா?" என்பாள் ரேணுகாம்பாள்.

ரேணு அவளோடு அறையில் இருந்தவள். செய்யாற்றுப் பக்கத்துப் பெண். இருவரும் அறுபத்தேழாம் வருஷம் ஆசிரியர் பயிற்சிக்காகக் காஞ்சிபுரம் வந்து, விடுதியில் இடம் கிடைக்காமல், பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் துரைக்கண்ணுவின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். ரேணுவுக்குச் சிரிக்க எப்போதும் ஏதாவது கிடைக்கும். செல்லிக்குப் பயப்பட எப்போதும் ஏதாவது கிடைக்கும். நாற்று நடத் தெரிந்த அளவுக்கு அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. முதல் வாரம் நடுவில் அரிசியும் ஓரத்தில் கூழுமாகத் தின்றார்கள். பிறகு குழம்பு வைக்கப் பழகினாள். ஒருநாள் வைத்த குழம்பைச் சுண்டவைத்துச் சுண்டவைத்து மூன்று நாள் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு ரசம். அதற்கும் பிறகு அம்மா கட்டிக் கொடுத்த மோர்மிளகாயும் பழைய சோறும். ஊரிலிருந்து அரிசிப்பை வருவதற்கு ஒருநாள் தள்ளிப்போனால், செல்லி பானைக்குள் கையைவிட்டு அளந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய பயம் இருந்தது. அவள் ஊர் திருமுக்கூடல், பாலாற்றுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து படிக்கப் புறப்பட்ட முதல் பெண் அவள். பள்ளிக்கூடத்து வாத்தியார் நான்கு முறை வீட்டுக்கு நடந்து வந்து பேசிய பிறகுதான் அப்பா ஆதிகேசவன் சம்மதித்தார். அதுவும் ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார். "உன்னப்பத்தி ஒரு சின்ன புகார் என் காதுல வுழுந்தாலும் சரி, மறுநாளே வந்து கூட்டிக்கினு போயிடுவேன். மாமன் வூட்ல நாள் பார்த்துக்கினு இருக்காங்க." மாமன் மகனுக்குப் பம்பு செட்டு இருந்தது, கொஞ்சம் குடியும் இருந்தது. ஆகவே செல்லி வீட்டுக்காரர்கள் முகத்தைத் தினமும் பார்ப்பாள். முகம் சுளித்திருக்கிறதா, சிரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய நாளைத் தொடங்குவாள்.

வீட்டுக்காரம்மா ஏலவார்குழலிக்கு முகம் சுளிக்கத் தெரியாது. கத்தத் தெரியும். பத்து நிமிஷத்தில் மறந்துவிடவும் தெரியும். அவள் பெண் பொன்னிக்கு இரண்டரை வயசு. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டில் பருப்பு கொதிக்கும் வாசனை வந்தால் காலை நீட்டிக்கொண்டு செல்லியின் முன்னால் உட்கார்ந்துவிடும். "செல்லிக்கா, ஆ!" என்று வாயைத் திறக்கும். வீட்டில் என்ன ஊட்டினாலும் துப்புகிற குழந்தை, பாதி வெந்த அந்தச் சோற்றை மட்டும் விழுங்கும்.

"இன்னா மருந்து போடுற சோத்துல? எங்கிட்ட ரெண்டு வாய் கூட துன்ன மாட்டேங்குது," என்று ஏலவார்குழலி கேட்பாள்.

செல்லிக்கு அதில் ஒரு பெருமை. வீட்டைவிட்டு வந்த பிறகு அவள் செய்ததில் ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

துரைக்கண்ணு அதிகம் பேசமாட்டார். முழங்கைவரை அவர் கையில் ஒரு வாரம் சிவப்பு ஏறியிருக்கும், அடுத்த வாரம் பச்சை. குடிவந்த அன்று இரு பெண்களையும் கொல்லைக்கு அழைத்துப்போய்ச் சாயக்கொட்டகையைக் காட்டினார். "இந்தப் பக்கம் மட்டும் வராதீங்கம்மா. சாயத்தத் தொட்ட கைய வாயில வைக்கக்கூடாது. போன வருஷம் ஒரு ஆடு, சாயத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து அந்த வேப்பமரத்தாண்ட படுத்துச்சு. எழுந்திருக்கவே இல்ல." அன்றிலிருந்து செல்லி கிணற்றடிக்குப் போனால்கூட வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு, பாலாற்றில் வெள்ளம் கரையைத் தொட்டு ஓடியது. ஆற்றைக் கடக்க முடியாமல் செல்லி லீவுக்கு ஊருக்குப் போகவில்லை. ரேணுவும் தங்கிவிட்டாள். தெருவே கழுவிவிடப்பட்டு, தறிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. துரைக்கண்ணு வீட்டில் தறி கிடையாது. அவர்கள் வழக்கம் வேறு. ஒவ்வொரு சாய டப்பாவிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னச் சின்னப் பித்தளைக் கிண்ணங்களில் போட்டு, பூஜைப் பலகையில் அம்மன் படத்துக்கு முன்னால் வரிசையாக வைப்பார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், மயில்கழுத்து. அவற்றோடு பூஜைக்கு வேண்டிய மஞ்சள்தூளும் குங்குமமும் அதேமாதிரி கிண்ணங்களில் இருந்தன. பலகையின் ஓரத்தில் செல்லியும் ரேணுவும் தங்கள் புத்தகங்களை அடுக்கினார்கள்.

"ஒருநாள் படிக்கக்கூடாதுன்னு சாமியே சொல்லிடிச்சு. நல்ல சாமி," என்றாள் ரேணு.

மறுநாள் விஜயதசமி. காலையில் துரைக்கண்ணு கற்பூரம் காட்டிவிட்டு, சாயக் கிண்ணங்களைக் கொட்டகைக்கு எடுத்துப்போனார். மத்தியானம் நல்ல நேரத்தில் தொழிலின் புது வருஷத்து முதல் சாயம் போட வேண்டும். அதற்குமுன் கோயிலுக்குப் போய்வரப் புருஷனும் பெண்டாட்டியும் புறப்பட்டார்கள். தூறிக்கொண்டிருந்தது.

"பொன்னிக்குச் சளி. மழையில எதுக்கு? உங்ககிட்ட இருக்கட்டும். பருப்புசோறு ஆக்கினா ரெண்டு வாய் குடும்மா," என்றாள் ஏலவார்குழலி.

"மஞ்சத்தூள் தீர்ந்துபோச்சுக்கா. ஊர்லேர்ந்து வரணும்."

"பலகையில கிண்ணத்துல இருக்குதே, எடுத்துக்கோ. பூஜைதான் முடிஞ்சிடுச்சே."

செல்லி பலகையைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் கிண்ணமும் ஒரு குங்குமக் கிண்ணமும் கண்ணில் பட்டன. மழை இருட்டு. சாம்பிராணியும் கற்பூரமும் சாமந்தியுமாக மூக்கில் வேறு எந்த வாசனையும் ஏறவில்லை. மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவந்து, கொதிக்கும் பருப்பில் இரண்டு விரலால் கிள்ளிப் போட்டாள்.

பருப்பு குப்பென்று நிறம் ஏறியது.

"அடேயப்பா! கல்யாண வீட்டுப் பருப்பு கணக்கா இருக்குதே!" என்றாள் ரேணு.

பொன்னி பத்து வாய் வாங்கியது. செல்லி எண்ணிக்கொண்டே ஊட்டினாள், ஏலவார்குழலியிடம் சொல்லலாம் என்று. நாக்கில் லேசாக ஒரு கசப்பு தட்டியது. பெருங்காயம் கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவளும் சாப்பிட்டாள், ரேணுவும் சாப்பிட்டாள். குழந்தை பாயில் படுத்து உடனே தூங்கிப்போயிற்று.

கோயிலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். துரைக்கண்ணு கொட்டகையில் அடுப்பு மூட்டினார். ஏலவார்குழலி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "செல்லி, சாயச்சட்டிக்குச் சுத்திப்போட ஆரத்தி கரைச்சு வையிம்மா. வெத்தலத் தட்டுல சுண்ணாம்பு இருக்குது."

செல்லி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதே கிண்ணத்திலிருந்து பொடியைப் போட்டு, சுண்ணாம்பைத் தடவி விரலால் கலக்கினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் ரத்தமாகச் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. பளிச்சென்ற மஞ்சளாகவே நின்றது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாள். மஞ்சள்தான். இன்னும் கொஞ்சம். விரல் மட்டும் எரிந்தது.

அவள் எழுந்து பூஜைப் பலகைக்குப் போனாள்.  அம்மன் படத்துக்குப் பின்னால், சரிந்து விழுந்திருந்த சாமந்திச் சரத்துக்கு அடியில், இன்னொரு கிண்ணம் இருந்தது. அதிலும் மஞ்சள் பொடி. அதில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, விரல்நுனிச் சுண்ணாம்பைத் தேய்த்தாள். தேய்த்த இடம் குங்குமமாகச் சிவந்தது.

அது மஞ்சள்தூள் என்றால், பருப்பில் போட்டது எது?

ரேணு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். செல்லி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தாள்.

"இன்னாடி இது? சிவக்கவே இல்ல. சுண்ணாம்பு பத்தல."

"மூணு வாட்டி போட்டேன்."

"அப்ப பழைய சுண்ணாம்பா இருக்கும்."

செல்லி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரேணு அந்தச் சிவப்பைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையிலிருந்த பருப்புச் சட்டியைப் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தும் அதன் உட்புறம் மஞ்சளாகவே மினுங்கியது. அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாயிற்று.

"சாயமா?"

"ஒரு கிண்ணத்த விட்டுட்டுப் போயிருக்காரு."

"சொல்லாத," என்றாள் ரேணு. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாத, செல்லி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலியே! சொன்னா இன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க. உங்கப்பா வருவாரு, எங்கப்பா வருவாரு. பொண்ணுங்க சமைச்சு ஒரு கொழந்தைக்கு விஷம் வெச்சுட்டாங்கன்னு ஊரே பேசும். கொஞ்ச நேரம் பார்ப்போம்."

"பொன்னி?"

"தூங்குது."

"தூங்குதா?"

ரேணு சட்டியைக் கீழே வைத்தாள். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

செல்லி பாயருகே போனாள். பொன்னி ஒருக்களித்துப் படுத்திருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணைத் துணியில் மஞ்சளாகப் படிந்திருந்தது. செல்லிக்கு வேப்பமரம் ஞாபகம் வந்தது. அந்த ஆடுகூட முதலில் தூங்குவதுபோலத்தான் படுத்திருக்கும்.   ரேணு சொன்னதுபோல் கொஞ்ச நேரம் பார்க்கலாம். குழந்தை தானாக எழுந்துகொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எழுந்துகொள்ளாவிட்டால்?

"ஆரத்தி ஆச்சா? நல்ல நேரம் போகுதும்மா!" என்று கொட்டகையிலிருந்து ஏலவார்குழலியின் குரல் வந்தது.

செல்லி அந்தக் கிண்ணத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு பொன்னியைத் தூக்கினாள். தலை தோளில் துவண்டு விழுந்தது. அப்படியே கொட்டகைக்குள் நுழைந்தாள். போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான்.

"அக்கா, பருப்புல சாயத்தப் போட்டுட்டேன். மஞ்சள்னு நெனச்சுப் போட்டுட்டேன். கொழந்தை துன்னுடுச்சு."

ஏலவார்குழலி கத்தவில்லை. கத்தியிருந்தால் செல்லி தாங்கியிருப்பாள்.  அவள் குழந்தையைப் பிடுங்கிக் கன்னத்தில் தட்டினாள். பொன்னி கண்ணைத் திறந்து, தூக்கம் கலைந்த கோபத்தில் சிணுங்கியது.

துரைக்கண்ணு கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். பொடியை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். தொழில்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது, விஷம் என்றோ இல்லை என்றோ.

"இது புது டப்பா," என்றார் அவர். "போன வாரம்தான் வந்துது. இத நான் இன்னும் கொதிக்கவே விடல. எனக்குத் தெரிலியே!"

அவருக்கே தெரியவில்லை. 

சைக்கிளை எடுத்தார். ஏலவார்குழலி பின்னால் குழந்தையோடு உட்கார்ந்தாள். பெண்கள் இருவரும் மழையில் பின்னாலேயே ஓடினார்கள். விஜயதசமிக்கு முதல் இழை போட உட்கார்ந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். "இன்னா ஆச்சும்மா? யாருக்கு இன்னா?" என்று கேட்டார்கள். ரேணு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். செல்லி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். "கொழந்தைக்குச் சாயம் ஊட்டிட்டேன்." ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டு போனாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லி முடித்துவிட்டால், அப்பா காதில் விழுவதற்கு இனி எதுவும் மீதி இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கண் இமையை விரித்துப் பார்த்தார். "சாயத்துக்குப் பேர் என்ன?"

"எலுமிச்ச மஞ்சள்னு சொல்லித்தான் குடுப்பாங்கம்மா," என்றார் துரைக்கண்ணு. "டப்பா மேல இங்கிலீஷ்ல போட்டிருக்குது."

"அதைக் கொண்டுவாங்க, சீக்கிரம்."

அவர் போய்வருவதற்குள் குழந்தைக்கு உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைத்தார்கள். மஞ்சளாக வந்தது. பொன்னி வீறிட்டது. "செல்லிக்கா! செல்லிக்கா!" என்று அழுதது. ஏலவார்குழலி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். செல்லி கதவுக்கு வெளியே நகர்ந்து நின்றாள்.

டப்பா வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நீயும் படிச்ச பொண்ணுதானே, ஈரத்துல எழுத்து ஊறியிருக்கு, உன் கண்ணுக்கு ஏதாவது தெரியுதா பார்" என்று செல்லியிடம் நீட்டினார். அதில் ஓர் எண் இருந்தது. தோகை விரித்த மயில் படம் இருந்தது. பட்டுக்கும் கம்பளிக்கும் உகந்தது என்று போட்டிருந்தது. வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை.

"இங்கேயே இருக்கட்டும். பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா.

பார்க்கலாம் என்ற சொல்லைப்போல் பயங்கரமான சொல்லைச் செல்லி அதுவரை கேட்டதில்லை.

அவளுக்கும் ரேணுவுக்கும் உப்புத்தண்ணீர் கொடுத்தார்கள். குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்தார்கள். துரைக்கண்ணு கொஞ்ச தூரத்தில் குந்தியிருந்தார்.

"நான் வெச்சது," என்றார் யாரையும் பார்க்காமல். "எங்கப்பா காலத்துலேர்ந்து வெக்கிறோம். அவரு காலத்துல மஞ்சள்னா மஞ்சளேதான். வேற இன்னா இருந்துச்சு?" பிறகு, "காலையில எண்ணி எடுத்திருக்கணும்," என்றார்.

உள்ளே யாராவது வேகமாக நடந்தால் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

விடிந்தபோது ஆயாம்மா ஒருத்தி ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து துரைக்கண்ணுவிடம் காட்டினாள். குழந்தை சிறுநீர் கழித்த துணி. அவர் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார், பட்டு நூலில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "அதே மஞ்சள்," என்றார். "அதேதான். வெளிய வருது." துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து பொன்னி முறுக்கு கேட்டு அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று முழுக்க ஏலவார்குழலி பின்கட்டுப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். பொன்னி இடுப்பில் இருந்தது. செல்லியைப் பார்த்ததும் இறங்கத் துள்ளியது. அவள் இறக்கிவிடவில்லை.

"உடனே வந்து சொன்ன பாரு," என்றாள். "மறைச்சு வெச்சிருந்தன்னா, உன்ன இந்தக் கையாலயே முடிச்சிருப்பேன்."

செல்லி பாயைவிட்டு எழுந்து நின்றாள்.

"உங்கப்பாவுக்கு நாங்க சொல்லி அனுப்பல. அனுப்பவும் மாட்டோம். தெருவுல கேட்டவங்ககிட்ட அவரே தன் தப்புன்னு சொல்லிட்டாரு. நானும்தானே எடுத்துக்கன்னு சொன்னேன்!" மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா நீங்க வேற இடம் பார்த்துக்கங்கம்மா. கோவமில்ல. சத்தியமா கோவமில்ல. பயம். நீ ஸ்டவ் பத்த வெக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைச்சுக்குது. எப்படி இருக்கிறது, சொல்லு?"

"சரிக்கா," என்றாள் செல்லி. அந்தப் பயம் அவளுக்குப் புரிந்தது. வேறு யாருக்குப் புரிந்திருக்கும்?

சின்னக் காஞ்சிபுரத்தில் வத்ஸலா என்ற டீச்சர் தனியாக இருந்தார். வைஷ்ணவக் குடும்பம். வெங்காயம் பூண்டு கூடாது, கிணற்றைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு மாடியில் இடம் கொடுத்தார். அரிசியும் பருப்பும் கொடுத்துவிட்டால் சமையல் அவருடையது. அடுப்பைத் தொட வேண்டியதில்லை என்று கேட்டபோது செல்லிக்கு இடுப்பில் கட்டியிருந்த கல் கழன்று விழுந்தமாதிரி இருந்தது. உடனே இனிமேல் யார் தன்னிடம் வந்து 'ஆ' என்று வாயைத் திறக்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

புறப்படும் நாள் ஜட்கா வண்டி வாசலில் நின்றது. துரைக்கண்ணு பெட்டிகளை ஏற்றினார். பொன்னியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.  வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஏலவார்குழலி ஒரு தூக்குச்சட்டியோடு ஓடிவந்தாள்.

"புளிச்சோறு. அங்க போனதும் இன்னா இருக்குதோ, இன்னா இல்லியோ."

ரேணு கையை நீட்டினாள். நீட்டிய கை ஒரு நொடி தயங்கியது. தயங்கியதை ஏலவார்குழலியும் பார்த்தாள்.

அவள் மூடியைத் திறந்தாள். ஒரு கவளம் எடுத்து, அண்ணாந்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள். மழைத்தூறலில் நின்றபடியே நிதானமாக மென்றாள். விழுங்கினாள். பிறகு மூடியை அழுத்தி மூடிச் சட்டியை வண்டிக்குள் வைத்தாள்.

வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே செல்லி சட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ரேணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு எப்படிடி?"

"சரியா இருக்குது," என்று சொல்லி, அடுத்த கவளத்தை உருட்டி அவள் பக்கம் நீட்டினாள் செல்லி.